திரைக்குப் பின்னால் போன கை

அத்தியாயம் 7

"அந்த ஜட்ஜை யார் விலைக்கு வாங்கினாங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

தையல்காரி இதைச் சொன்னபோது கொசுவின் கண்ணில் முதலில் பட்டது அவள் மடியில் இருந்த கத்தரிக்கோல்தான். துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல். கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்துவிட்டாள் போலிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று கொசு தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கொசு என்பது அவனுடைய அண்ணன் வைத்த பெயர். வாயை மூடாமல் காதோரம் பேசிக்கொண்டே இருப்பதால் வைத்தது. அந்த அண்ணனின் மனைவிதான் இந்தத் துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி. நிறுவனம் என்றால் டயர் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேஜை, சரியாக மூடாத ஒரு கதவு. கீழே டயருக்குக் காற்றடித்தால் மேலே தண்ணீர் டம்ளர் அதிரும். எந்த வேலையிலும் நிலைக்காத கொழுந்தனை உதவியாளனாக வைத்துக்கொண்டதை உறவுக்காரர்கள் பெருந்தன்மை என்றார்கள். அண்ணி அதைத் தலையெழுத்து என்றாள்.

தையல்காரிக்குப் பக்கத்தில் அவள் தம்பி உட்கார்ந்திருந்தான். வந்ததிலிருந்து வலது கையைச் சட்டைப் பையை விட்டு எடுக்கவில்லை.

"அட்டைப்பெட்டி ஆலைல வெட்டற மெஷின்ல வேலை பாத்தான்" என்றாள் அவள். "கத்திக்கு முன்னாடி ஒரு தடுப்பு இருக்கணும். அது உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. மாத்துங்க, மாத்துங்கன்னு இவனும் சொல்லிட்டே இருந்தான். ஒருத்தரும் காதுல போட்டுக்கல. ஒரு நாள் விரல் போச்சு. வக்கீலைப் பிடிச்சோம், விசாரணை நடந்துச்சு. ஜட்ஜ் என்ன தீர்ப்பு சொன்னார் தெரியுமா? இவன் குடிச்சிட்டு மெஷின்ல கையை விட்டானாம்."

"குடிப்பாரா?" என்றாள் மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்த அண்ணி.

"கல்யாண வீட்டுல யாராவது குடிச்சிட்டு வந்தாலே எழுந்து போயிடுவான். அந்தத் தீர்ப்பைக் கேட்டுட்டு மாமனார் வந்து பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போயிட்டார். அதுகூடப் பரவால்ல. இவன் இருக்கானே, இவன்..."

தம்பி எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டான். அவன் போனதும் அவள் குரல் தாழ்ந்தது. "ராத்திரி எழுந்து உட்கார்ந்துட்டு, 'ஜட்ஜே சொல்லிட்டாரேக்கா, அன்னிக்கு நான் தெரியாம ஏதாவது குடிச்சிருப்பேனோ'ன்னு கேக்கறான். தன் மேலயே அவனுக்கு நம்பிக்கை போச்சு."

அண்ணி நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். "வழக்கை விடுங்க. விசாரணை நடந்த ரூமைச் சொல்லுங்க" என்றாள்.

"வக்கீல் ஆபீஸ் இருக்கற கட்டடத்துலயே மேல்மாடி. கோர்ட்டுக்குப் போனா இழுத்தடிப்பாங்கம்மா, இப்பல்லாம் அரசாங்கமே மத்தியஸ்தர்னு ஒருத்தரை அனுப்புது, அவர் சொல்றதுதான் தீர்ப்புன்னு வக்கீல் சொன்னார். நல்ல மனுஷன். தீர்ப்பைக் கேட்டு அவரும் கண்ணைத் துடைச்சிக்கிட்டார்."

"எதிர்த்தரப்பு வக்கீல்?"

"லேட்டா வந்தான். வெளியூராம். இந்தக் கட்டடத்துக்கு முதல் தடவையா வரேன், மாடிப்படி எங்க இருக்குன்னே தெரியலன்னு மன்னிப்பு கேட்டுட்டு உட்கார்ந்தான். கேள்வி கேக்க ஆரம்பிச்சதும் ஃபேன் கடகடன்னு ஒரே சத்தம். என் தம்பியைப் பாத்துக் கேட்டுட்டே கையைப் பின்னாடி விட்டு ஃபேனை நிறுத்தினான். அப்புறம்தான் நல்லா காதுல விழுந்துச்சு."

"சுவிட்ச் எங்க இருந்துச்சு?"

"திரைக்குப் பின்னாடி. வெளிய தெரியாது."

அண்ணியும் கொசுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முதல் தடவை வீட்டுக்கு வந்த விருந்தாளி நேரா போய் சர்க்கரை டப்பாவை எடுத்த மாதிரி இருக்கு" என்றான் கொசு.

"ஜட்ஜ் எப்படி?" என்றாள் அண்ணி.

"பெரிய மீசை. கணீர்னு குரல். ரூம்ல இருந்தது நாங்க நாலஞ்சு பேர்தான். அவர் என்னவோ தெருக்கோடி வரைக்கும் கேக்கணும்னு பேசினார். கைல பேனா வெச்சிருந்தார், ஆனா மூடியைக் கழட்டவே இல்ல. தீர்ப்பைச் சொல்லிட்டு உடனே உட்காரவும் இல்ல. நிமிர்ந்து அப்படியே நின்னார், எதுக்கோ காத்துட்டு இருக்கற மாதிரி."

"கைத்தட்டலுக்கா இருக்கும்" என்றான் கொசு. வழக்கம்போல வாய்க்கு வந்ததைத்தான் சொன்னான். ஆனால் அண்ணி மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து நீ பேசின ஒரே உருப்படியான பேச்சு இதுதான்" என்றாள். பிறகு தையல்காரியிடம், "உங்க ஜட்ஜை யாரும் விலைக்கு வாங்கலம்மா. வாடகைக்குத்தான் எடுத்திருக்காங்க" என்றாள்.

கொசு கோர்ட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு மத்தியானமே திரும்பினான். தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தையல்காரி அங்கேயே காத்திருந்தாள். அண்ணி நினைத்தது சரிதான். தம்பியின் பெயரில் ஒரு வழக்கும் பதிவாகவில்லை. வழக்குப் போட வேண்டிய கெடு முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கெடுவைத் தவறவிட்ட வக்கீல், இதோ போட்டாச்சு, அதோ வருது என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். இனி சமாளிக்க முடியாது என்ற நிலையில், வழக்கு நடந்து தோற்றுவிட்டது என்று காட்ட ஒரு விசாரணையையே மேடையேற்றிவிட்டார்.

"பஞ்சுமிட்டாய்" என்றாள் அண்ணி. வக்கீலுக்கு அன்று முதல் அதுவே பெயரானது. "வாயில போட்டா இனிக்கும். அப்புறம் பாத்தா வாயில ஒண்ணுமே இருக்காது."

தையல்காரி கத்தரிக்கோலைத் திறந்தாள், மூடினாள். "போலீசு, கேஸு எல்லாம் அப்புறம். என் தம்பி உட்கார்ந்த நாற்காலில அவன் உட்காரணும். இவன் அழுத மாதிரி அழணும். நான் அதைப் பாக்கணும்."

"பாப்பீங்க. ஆனா தம்பிகிட்ட இப்ப எதையும் சொல்லாதீங்க. நாம சொன்னா நம்ப மாட்டார். அவர் தலைல பழியை ஏத்தினது ஒரு ஜட்ஜ். இறக்கறதும் ஒரு ஜட்ஜாத்தான் இருக்கணும்."

இதன் பொருள் கொசுவுக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியதைப் போலத் தலையை ஆட்டினான்.

நாடக உடைகள் வாடகைக்கு விடுகிற கடையில் மீசை, குரல் என்று இரண்டே அடையாளம் சொன்னதும் கடைக்காரர் சிரித்துவிட்டார். "மகாராஜா, ஜட்ஜ், பணக்கார மாமனார், இந்த வேஷத்துக்கெல்லாம் இங்க ஒரே ஆள்தான். பின்னாடி கொட்டகைல ஒத்திகை நடக்குது, போய்ப் பாருங்க."

கொட்டகையில் மகாராஜா தலையில் கிரீடத்தோடு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அடுத்த காட்சி வருவதற்குள் தின்று முடிக்க வேண்டும் என்கிற அவசரம் தெரிந்தது. தன்னைத் தேடிக்கொண்டு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்றதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அந்த மேல்மாடி நிகழ்ச்சியா? ஆமா, நான்தான் பண்ணேன். வக்கீல் சார் போன் பண்ணார். புதுசா சேர்ற ஜூனியர் வக்கீலுங்களுக்குப் பயிற்சியாம். பெரிய ஆபீஸ்ல எல்லாம் இப்படி பொய் விசாரணை நடத்திப் பழகுவாங்களாம். எல்லாருமே நடிக்கிறவங்கதான், நீங்க பயப்படாம தீர்ப்பைச் சொல்லுங்கன்னார்."

"எதிர்த்தரப்பு வக்கீலா வந்தது யாரு?"

"அவங்க ஆபீஸ் குமாஸ்தாதான். பின்கட்டுல பழைய ஃபைலெல்லாம் பாத்துக்கற ஆள். கோட்டு தொளதொளன்னு இருந்துச்சு. நான்கூடச் சொன்னேன், தோள்ல ஒரு ஊசி குத்திக்கோங்கன்னு." அவர் குரலில் தொழில் பெருமை ஏறியது. "ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தத் தொழிலாளி வேஷம் போட்ட பையன் பிச்சு உதறிட்டான். நான் தீர்ப்பைச் சொன்னதும் அழுதான் பாருங்க, சத்தமே வரல, தோள் மட்டும் குலுங்குது. என்னமா நடிக்கிறான்னு நினைச்சேன். அந்தக் கை மேக்கப்பும் பிரமாதம். யார் போட்டதுன்னு கேக்கலாம்னு பாத்தேன், அதுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க."

கொசு வாயைத் திறந்தான். ஆனால் அண்ணிதான் சொன்னாள்.

"அது மேக்கப் இல்லைங்க."

மகாராஜா பிஸ்கட் பொட்டலத்தைக் கீழே வைத்தார். அண்ணி முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை அசையவில்லை. பிறகு கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நான் அந்தப் பையனைக் குடிகாரன்னு சொன்னேன்" என்றார். "மூணு தடவை சொன்னேன். வசனத்துல ஒரு தடவைதான் இருந்துச்சு. எடுப்பா இருக்கும்னு நானா சேர்த்துக்கிட்டேன்."

அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "என்ன செய்யணும்னு சொல்லுங்க. எந்த வேஷம் வேணும்னாலும் போடறேன்."

"நீங்க ஒண்ணும் போட வேண்டாம். அவர் போனுக்குக் காத்திருங்க, போதும்" என்றாள் அண்ணி.

மறுநாள் தையல்காரி வக்கீல் ஆபீசுக்குப் போய், தீர்ப்பில் தனக்குத் திருப்தி இல்லை, மேல் கோர்ட்டுக்குப் போகப்போகிறேன், காகிதங்களைக் கொடுங்கள் என்று நின்றாள். பஞ்சுமிட்டாய் அவளுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, நீங்க அலைய வேண்டாம்மா, மேல் விசாரணையையும் நானே இங்க ஏற்பாடு செய்யறேன் என்று உருகினார். அன்று சாயங்காலமே கொட்டகைக்குப் போன் வந்தது. மேல் விசாரணை என்பதால் இந்த முறை வேறு முகம் வேண்டுமாம். வயதான ஆளாக ஒருவரை அனுப்பச் சொன்னாராம்.

"கட்டின மேடை அப்படியே நிக்குது. அதுலதான் திரும்பவும் ஏறுவான்னு தெரியும்" என்றாள் அண்ணி.

"ஜட்ஜா நானே உட்காரவா அண்ணி? நரைமுடி ஒட்டிக்கிட்டா எடுப்பா இருக்கும்."

"நீ உட்கார்ந்தா அந்த நாற்காலியே மேல்முறையீட்டுக்குப் போயிடும்."

அவள் நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு தனியாக வெளியே போனாள். திரும்பி வந்து, ஆள் கிடைத்துவிட்டது, ஒரு வயதான அம்மா என்றாள்.

"நடிப்பாங்களா?"

"இந்த வேஷத்துல ரொம்ப வருஷ அனுபவம்."

விசாரணை நாளன்று காலையில் கொசு தையல்காரியின் மைத்துனன் என்ற பெயரில் அவளோடு மேல்மாடிக்குப் போனான். நீள மேஜை, கனமான பழுப்புத் திரை, தலைக்கு மேலே அந்தக் கடகட ஃபேன். திரைக்குப் பின்னால் சுவிட்ச் மட்டுமல்ல, பின்படிக்கட்டுக்குப் போகிற பழைய கதவும் இருப்பதாக அண்ணி சொல்லியிருந்தாள். தையல்காரியின் தம்பி முன்பு உட்கார்ந்த அதே நாற்காலியில், கையைப் பைக்குள் ஒளித்தபடி உட்கார்ந்திருந்தான்.

பக்கத்து அறையில் பேச்சுக் குரல் கேட்டது. கொசு தண்ணீர்க் கூஜாவைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவோரம் போய் நின்றான். கூஜா ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது.

உள்ளே ஒல்லியான ஒரு மூதாட்டி, சாதாரணப் புடவை, தடித்த கண்ணாடி. பஞ்சுமிட்டாய் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"ஜட்ஜ் மாதிரியே இல்லையேம்மா நீங்க."

"எப்படி இருக்கணும்?"

"கொஞ்சம் கடுகடுன்னு இருக்கணும். முதுகை நிமிர்த்தி உட்காருங்க. நடுவுல ஒரு தடவை கடிகாரத்தைப் பாருங்க, ஜட்ஜுங்கல்லாம் அப்படித்தான்."

"அப்படியா? முயற்சி பண்றேன். தீர்ப்பு என்ன?"

"போன தீர்ப்பே சரி, அவன் குடிச்சிருந்தான், தள்ளுபடி. அவ்வளவுதான்."

"நிஜமாவே குடிச்சிருந்தானா?"

"யாருக்கும்மா தெரியும்? அவன் மேல தப்புன்னு சொன்னாதான் தலையைத் தொங்கப் போட்டுட்டு வீட்டுக்குப் போவான். தடுப்பு இல்லைன்னு சொன்னா அந்த அக்காக்காரி நாளைக்கே ஆலை வாசல்ல போய் நிப்பா. அப்புறம் நான் வழக்கே போடலங்கறது வெளிய வந்துடும்."

அந்த அம்மாள் தலையை ஆட்டினாள். கொசுவின் கையிலிருந்த கூஜா சாய்ந்து தண்ணீர் செருப்பில் கொட்டியது. அதைக் கொண்டுபோய் அந்த ஆளின் தலையிலேயே கவிழ்க்க வேண்டும் என்று அவனுக்கு வெறியாக வந்தது. அண்ணியின் முகத்தை நினைத்து அடக்கிக்கொண்டான்.

விசாரணை ஆரம்பித்ததும் கொசுவுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. கிழவி சொதப்புகிறாள். மகாராஜாவின் குரல் எங்கே, இவள் குரல் எங்கே? எதிரே இருப்பவனுக்கு மட்டும் கேட்கிறாற்போலப் பேசினாள். அதைவிட மோசம், பேனா மூடியைக் கழற்றி, யார் எதைச் சொன்னாலும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். கடிகாரத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. வசனத்தை மறந்துவிட்டுத்தான் எழுதுகிறாளோ என்று கொசு பயந்தான். பஞ்சுமிட்டாயும் நெளிந்தார்.

ஃபேன் கடகடத்தது. கோட்டுப் போட்ட குமாஸ்தா, தம்பியைப் பார்த்து, "அன்று காலையில் எங்கே குடித்தீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே கையைத் திரைக்குப் பின்னால் விட்டான்.

போன கை திரும்பி வரவில்லை.

அவன் இழுத்தான். திரை குலுங்கியதே தவிர கை வரவில்லை. பிறகு திரை விலகியது. அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி அண்ணி நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஒட்டு மீசையைக் கழற்றிவிட்டு வந்த மகாராஜா.

"முதல் தடவையா வரேன்னு சொன்ன அன்னிக்கும் இதே சுவிட்ச்லதான் கை வெச்சீங்க இல்ல?" என்றாள் அண்ணி. "பழக்கத்தை விட முடியாது பாருங்க."

பஞ்சுமிட்டாய்க்கு வியர்த்துவிட்டது. இருந்தாலும் இனிப்பு கரையவில்லை. மேஜையில் சாய்ந்து அந்த அம்மாளிடம், "நீங்க வசனத்தை முடிங்க, நான் சமாளிச்சுக்கறேன்" என்று முணுமுணுத்தார்.

அந்த அம்மாள் பேனாவை மூடினாள். "வசனம் இல்லை" என்றாள், அதே மெல்லிய குரலில். "பதவியில இருந்து ஓய்வு வாங்கற வரைக்கும் நான் பெரிய கோர்ட்ல ஜட்ஜ். இப்ப வக்கீல்கள் மேல வர்ற புகாரை விசாரிக்கற குழுவுக்குத் தலைவி. திரைகிட்ட நிக்கற இந்த அம்மா குடுத்த புகார் என்கிட்டதான் வந்துச்சு. கோர்ட் பக்கம் நாலு தடவை வந்திருந்தீங்கன்னா என் முகம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உள்ள நீங்க சொன்னது அத்தனையும் எழுதிட்டேன். இந்தக் கூஜாக்காரத் தம்பியும் கேட்டுட்டுதான் இருந்தார்."

கொசு அண்ணியைப் பார்த்தான். இந்த வேஷத்தில் அனுபவம் என்று சொன்னபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லையே என்று நினைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போனதும் சண்டை பிடிக்க வேண்டும்.

நீதிபதி தம்பியின் பக்கம் திரும்பினாள். "இங்க வா. உன்னைக் குடிகாரன்னு சொன்னது இவர். நாடகத்துல ராஜா வேஷம் போடறவர். நீ தோக்கவே இல்லப்பா. உன் வழக்கை இந்த மனுஷன் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவே இல்ல."

மகாராஜா கைகூப்பிக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

"அப்போ..." என்றான் தம்பி. "என் மேல தப்புன்னு எந்த ஜட்ஜும் சொல்லலையா?"

"எந்த ஜட்ஜும் சொல்லல. தாமதம் உன்னால இல்லைன்னு எடுத்துச் சொல்லி, வழக்கை இனிமே நிஜமான கோர்ட்ல போடலாம். அங்க அந்தத் தடுப்பைப் பத்திக் கேப்பாங்க."

தம்பி வலது கையைப் பையிலிருந்து வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தான். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்பதைப்போல அங்கேயே வைத்திருந்தான். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பஞ்சுமிட்டாயின் பக்கம் தள்ளினான்.

"உட்காருங்க" என்றாள் நீதிபதி. "குமாஸ்தா, நீங்களும் கோட்டைக் கழட்டிட்டு உட்காருங்க."

பஞ்சுமிட்டாய் உட்கார்ந்தார். வாயிலிருந்து வார்த்தைகள் தாறுமாறாக வந்தன. ஒரே ஒரு கெடுவைத் தவற விட்டேன், சொல்லப் பயமாக இருந்தது, ஒன்றை மறைக்கப்போய் இன்னொன்று, எனக்கும் குடும்பம் இருக்கிறது, கோட்டைப் பிடுங்கிவிடாதீர்கள். கடைசியில் பேச்சும் நின்று, முகத்தைக் கையால் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இந்த முறை கண்ணீர் நிஜமாகத்தான் இருந்தது.

தையல்காரி மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கொட்டகையில் மகாராஜா சொன்ன வார்த்தைகளைக் கொசு அவளிடம் ஒன்று விடாமல் சொல்லியிருந்தான். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாலைந்து நாளாக அவனுக்கு ஓர் உறுத்தல் இருந்தது. இப்போது அது போய்விட்டது.

அவள் அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று, அவர் அழுவதை ஆசை தீரப் பார்த்தாள்.

"அழுங்க சார்" என்றாள். "என்னமா நடிக்கிறீங்க."